வீடு விற்கப் போகிறீர்களா அக்கா? விலை உங்களுக்குத் தெரியுமா?

யாழ்ப்பாண நகரை ஒட்டிய திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், ஆனைக்கோட்டை, அரியாலைப் பக்கங்களில் ஒரு வீடு விலைக்கு வருகிறதென்றால், அதன் உறுதியைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயர்தான் இருக்கும். தாய் சீதனமாகக் கொடுத்தது, தாய்க்கு அவளுடைய தாய் கொடுத்தது என்று உறுதிகள் பெண் வழியே இறங்கி வருவது எங்கள் பகுதியின் வழக்கம். ஆகவே எங்கள் புறநகரில் வீடு விற்பவர் பெரும்பாலும் பெண். ஆனால் விலை பேசுபவர் பெண் அல்ல.

ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் பல வருடங்கள் உறுதி தட்டச்சுச் செய்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். கையொப்பமிட வரும் அம்மாமாரிடம் "என்ன விலைக்கு முடிச்சனீங்கள்?" என்று கேட்டால், "அவரைத்தான் கேட்கவேணும், எனக்கென்ன தெரியும்" என்ற பதிலைத்தான் அதிகமாகக் கேட்டிருக்கிறேன். தன் பெயரில் உள்ள ஒரே சொத்தை, தான் பிறந்து வளர்ந்த வீட்டை விற்க வந்திருப்பவர் அவர். கையில் பேனாவைக் கொடுத்தபின்தான் தொகை அவர் கண்ணில் படுகிறது. சில வேளைகளில் அதுவும் உண்மையான தொகையாக இருப்பதில்லை.

ஆகையால் வீடு வாங்கல், விற்றல் பற்றி இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் பெண்களுக்கு. ஆண்கள் வாசித்தாலும் நல்லதே.

விலை எப்படி ஏறியது?

2009 இல் யுத்தம் முடிந்து ஏ9 பாதை திறந்தபோது யாழ்ப்பாணத்தில் காணிகளுக்குத் திடீரென்று ஆட்கள் வந்தார்கள். வங்கிகள் கிளை திறந்தன, கம்பனிகள் களஞ்சியம் தேடின. வெளிநாட்டில் இருந்தவர்கள் ஊர் பார்க்க வந்து வீடும் பார்த்தார்கள். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. 2019 இல் பலாலியில் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. ஒவ்வொன்றும் நடந்தபோது காணி விலை பற்றிய பேச்சும் கூடவே ஏறியது. பல்கலைக்கழகத்தைச் சுற்றிய திருநெல்வேலி, கொக்குவில் ஒழுங்கைகளில் மாணவருக்கு அறை வாடகைக்கு விடலாம் என்பதனால் பழைய நாற்சார் வீடும் புதுப் பெறுமதி பெற்றது.

பிறகு 2022 ஆம் ஆண்டு வந்தது. அவ்வருடம் மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் வாங்கிய சீமெந்துப் பை 2022 நடுப்பகுதியில் மூவாயிரத்தைத் தாண்டியது. ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்த, வீட்டுக் கடன் வட்டி 20 வீதத்தைத் தாண்டிப் போனது. 2023 ஜூனிலிருந்துதான் மத்திய வங்கி மீண்டும் குறைக்கத் தொடங்கியது.

இதனால் என்ன நடந்தது? இங்கே மாதச் சம்பளம் எடுக்கும் ஆசிரியைக்கும் தாதிக்கும் வீடு எட்டாத தூரத்துக்குப் போனது. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பக்கூடிய குடும்பத்துக்கோ அதே வீடு அவர்களுடைய பணத்தில் முந்தியதைவிட மலிவாகத் தெரிந்தது. ஒரே ஒழுங்கையில் இரண்டு சந்தை. தரகர்மார் சொல்லும் விலை எப்போதும் இரண்டாவது சந்தையின் விலை.

இதனாலேயே "பக்கத்துக் காணிக்குப் பரப்பு இவ்வளவு கேட்கிறார்களாம்" என்ற பேச்சை நம்பி விலை வைக்காதீர்கள். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. மூன்று வருடமாக வேலியில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கும் வீட்டுக்கும் ஒரு விலை இருக்கிறது, ஆனால் அந்த விலைக்கு ஆள் இல்லை. கடந்த ஒரு வருடத்துக்குள் உங்கள் ஒழுங்கையிலோ அடுத்த ஒழுங்கையிலோ உண்மையில் கைமாறிய இரண்டு மூன்று காணிகளை விசாரியுங்கள். வங்கிகளுக்கு வேலை செய்யும் ஒரு மதிப்பீட்டாளரிடம் கட்டணம் கொடுத்து எழுத்தில் மதிப்பீடு பெறலாம். அந்தக் கட்டணம் தரகுக் காசோடு ஒப்பிட்டால் சிறியது. அந்த அறிக்கை உங்கள் பெயரில் உங்கள் கைக்கு வரவேண்டும் என்பது முக்கியம்.

கணக்கில் ஒரு குழப்பம் வராமல் இருக்க: எங்கள் பக்கத்தில் பரப்பு என்று பேசுவோம், கொழும்பில் பேர்ச் என்பார்கள். ஒரு பரப்பு 10 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர். கொழும்பிலிருந்து வரும் தரகர் பேர்ச் விலை சொன்னால் பத்தால் பெருக்கிப் பாருங்கள்.

கையொப்பம் யாருடையது, காசு யாருடையது?

தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட பெண்களைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமை பற்றிய கட்டளைச் சட்டம், மணமான பெண்ணின் சீதனமும் முதுசொமும் அவளுடைய தனிச் சொத்து என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அசையாச் சொத்தை விற்கவும் ஈடு வைக்கவும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றும் விதித்தது. கணவன் தன் சொத்தை விற்க மனைவியின் சம்மதம் வேண்டும் என்று அது சொல்லவில்லை. இந்த விதியை நீக்கவேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கின்றன. எனக்கும் அதுதான் கருத்து. நீங்கள் விற்கப்போகும் தேதியில் சட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நொத்தாரிசிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

யுத்தத்தில் கணவர் காணாமற் போன பெண்களுக்கு இந்த விதி எத்தனை கஷ்டம் கொடுத்தது என்பது வடக்கில் இருப்பவர்களுக்குத் தெரியும். பிள்ளையின் படிப்புக்குத் தன் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்க நினைத்தாலும் சம்மதம் வைக்க ஆள் இல்லை. இதற்கு அதே சட்டத்தில் ஒரு வழி வைக்கப்பட்டது. கணவர் இல்லாத நிலையிலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுக்கும் நிலையிலோ மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். 2016 இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி காணாமற் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்காமலே 'காணாமற்போனமைச் சான்றிதழ்' பெறவும் முடியும். "அவர் செத்துப்போனார் எண்டு எழுதித் தந்தால்தான் காணி விற்கலாம்" என்று யாராவது சொன்னால், கையொப்பமிடாமல் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

இனி அதிகம் பேர் அறியாத ஒரு விடயம். கொக்குவிலில் சீதன வீட்டை விற்று, அந்தக் காசில் வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு தொடர்மாடி வீடு வாங்குவது வழக்கமாகிவிட்டது. புதிய உறுதி யாருடைய பெயரில் எழுதப்படுகிறது? நான் தட்டச்சுச் செய்தவற்றுள் கணவரின் பெயரில் எழுதப்பட்டவை நிறைய. ஏனென்று கேட்டால், "அவர்தானே ஓடித்திரிஞ்சவர்" என்பார்கள். தாய் வழியாக நூறு வருடம் இறங்கி வந்த சொத்து ஒரே பிற்பகலில் பெயர் மாறிப் போகிறது.

பெண்ணின் பெயரிலேயே எழுதினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. திருமண காலத்தில் விலை கொடுத்து வாங்கும் சொத்து சாதாரணமாகத் 'தேடிய தேட்டம்' என்று கொள்ளப்படும். தேடிய தேட்டத்தில் இறப்பின்போது மற்றவருக்கும் பங்கு உண்டு. ஆனால் 1947 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தனிச் சொத்தை விற்ற காசைக் கொடுத்து வாங்கியது தேடிய தேட்டம் ஆகாது. அந்தக் காசு சீதன வீட்டின் காசு என்பதைப் பிறகு யார் நிரூபிப்பது? இருபது வருடத்தின் பின் வங்கிப் புத்தகமும் இராது, சாட்சி சொல்ல ஆளும் இராது. ஆகவே புதிய உறுதி எழுதும்போதே, "இன்ன இலக்க உறுதிப்படி எனக்குரித்தான சீதன ஆதனத்தை இன்ன திகதியில் விற்றுப் பெற்ற பணத்தைக் கொடுத்து" என்று ஒரு வசனம் சேர்க்கச் சொல்லுங்கள். நொத்தாரிசுக்கு அது இரண்டு வரி வேலை. என் அனுபவத்தில் இதைத் தானாகக் கேட்ட பெண்களை ஒரு கை விரலில் எண்ணலாம். கணவரில் நம்பிக்கை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. கணவருக்குப் பிறகு வரும் உரித்தாளிகளோடு வழக்காடாமல் இருப்பதற்குத்தான்.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. மகளுக்கு வீட்டைச் சீதனமாகவோ நன்கொடையாகவோ எழுதும்போது உங்கள் 'சீவிய உரித்தை' ஒதுக்கி வைத்து எழுதுங்கள். அதாவது நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கவும் அனுபவிக்கவும் உரிமை. "பிள்ளையிட்ட அப்படிக் கேட்கக் கூச்சமாயிருக்கு" என்று விட்டுவிட்டு, மகள் குடும்பம் வெளிநாடு போய் வீடு விலைப்பட்டபின் வாடகை அறை தேடிய ஒரு முதியவரை நான் அறிவேன். மறுபக்கமாக, வீடு வாங்குபவர்கள் உறுதியில் சீவிய உரித்து யாருக்காவது இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால் அந்த அம்மாவும் விற்பனை உறுதியில் கையொப்பமிட்டு உரித்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் மனம் ஒப்பித்தான் வைக்கிறாரா என்று நேரில் பேசியும் பாருங்கள்.

உறுதிக்கு முன்னே தண்ணீர்

வாங்குபவர்கள் பலர் வீட்டின் தரை ஓட்டையும் குளியலறையையும் பார்த்து மயங்குகிறார்கள். புறநகரில் நான் முதலில் பார்க்கச் சொல்வது கிணறு. அடுத்தது வழி.

யாழ்ப்பாணத்தில் நிலத்தடி சுண்ணக்கல். மேலே ஊற்றுவது கீழே விரைவாக இறங்கிவிடும். முன்பு நாலைந்து பரப்பில் ஒரு வீடு இருந்தது, கிணறு ஒரு மூலையில், கழிவறை மறு மூலையில். இப்போது அதே காணி ஒன்று, ஒன்றரைப் பரப்புத் துண்டுகளாகப் பிரித்து விற்கப்படுகிறது. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். ஒரு பரப்புத் துண்டில் உங்கள் குழியிலிருந்து 50 அடி தள்ளினாலும், வேலிக்கு அப்பால் அயலவருடைய குழி எங்கே இருக்கிறது? அதையும் எட்டிப் பார்க்கவேண்டும். தண்ணீரைப் போத்தலில் எடுத்துப் பரிசோதிக்கக் கொடுங்கள். நைத்திரேற்று, மலக்கிருமி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை 2014, 2015 காலத்தில் எவ்வளவு பேரை அலைக்கழித்தது என்பது நினைவிருக்கும்.

கடலை அண்டிய கொழும்புத்துறை, அரியாலை கிழக்குப் போன்ற பக்கங்களில் மாரி காலத்தில் நல்ல தண்ணீராக இருக்கும் கிணறு ஆவணி, புரட்டாதியில் உவர்க்கும். அதனால் தண்ணீரை ஆவணியில் குடித்துப் பாருங்கள், காணியைக் கார்த்திகை மழையில் போய்ப் பாருங்கள். வெள்ளம் எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் வடிகிறது என்பது வெயில் நாளில் தெரியாது. ஒரு வருடம் காத்திருக்க இயலாதென்றால் அயலட்டையில் ஒரு ஆச்சியிடம் கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர் சொல்லுவார்.

எங்கள் பழைய உறுதிகளில் "வழிவாய்க்காலிலும் கிணற்றிலும் பங்கும் உரித்தும்" என்று ஒரு வரி வரும். அதைச் சும்மா அலங்காரம் என்று கடந்து போகாதீர்கள். கிணறு உங்கள் வளவுக்குள் இருந்தாலும் நாலு குடும்பம் அதில் அள்ளும் உரித்து உடையதாக இருக்கலாம். கிணறு அடுத்த வளவில் இருக்க உங்களுக்குப் பங்கு இருக்கலாம். நீங்கள் மதில் கட்டத் தொடங்கும் அன்றைக்குத்தான் அந்தப் பங்காளர்கள் ஒவ்வொருவராகக் கடப்படிக்கு வருவார்கள். பாதையும் அப்படியே. உங்கள் படலைக்கு வரும் ஒழுங்கை பொதுவா, தனியார் காணியூடாகப் போகும் வழியுரிமையா, வெறும் தயவா? வரைபடத்தில் அகலம் எத்தனை அடி என்று போடப்பட்டிருக்கிறதா? வாகனம் போக முடியாத ஒழுங்கைக் காணிக்கு வங்கி கடன் கொடுக்கத் தயங்கும், நீங்கள் விற்கும்போதும் அதே காரணம் விலையைக் குறைக்கும்.

பழைய வேலியை நம்பாமல் அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து பாருங்கள். இடம்பெயர்ந்து திரும்பிய பகுதிகளில் வேலியே புதிது. எல்லைக் கல் எங்கே இருந்தது என்பதில் அயலவருக்கும் உங்களுக்கும் நல்லெண்ணத்தோடேயே இரண்டு ஞாபகம் இருக்கும்.

பங்குக் காணி

விலை கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று பார்த்தால், அது பிரிபடாத பங்காக இருக்கும். 'எட்டுப் பரப்பில் நாலில் ஒரு பங்கு' என்று உறுதி சொல்லும், எந்த மூலை என்று சொல்லாது. பங்காளர் எல்லாரும் சேர்ந்து அளந்து பிரிவினை உறுதி எழுதலாம். ஒருவர் கனடாவிலும் ஒருவர் இறந்தும் போயிருந்தால் நீதிமன்றத்தில் பிரிவினை வழக்குத்தான் வழி. அது வருடக்கணக்கில் போகும்.

தேசவழமைக்கு உட்பட்ட காணியில் கூட்டுப் பங்காளருக்கு முதலில் வாங்கும் உரிமையும் உண்டு. 1947 இன் சட்டப்படி அவர்களுக்கு நொத்தாரிசு மூலம் அறிவித்தல் கொடுத்தபின்னே வெளியாருக்கு விற்கவேண்டும். அறிவிக்காமல் வாங்கினால் பங்காளர் வழக்கு வைத்து அந்தப் பங்கைத் தமக்கு எழுதும்படி கேட்கலாம். "எல்லாரும் சொந்தக்காரர்தானே, ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்ற பேச்சை நீதிமன்றம் ஏற்காது.

வெளிநாட்டு உறவினரின் தத்துவம்

விற்பவர் இலண்டனில் இருக்கிறார், இங்கே அவருடைய தம்பி அற்றோணித் தத்துவம் வைத்திருக்கிறார் என்றால், மூலப் பத்திரத்தைக் கேட்டு வாசியுங்கள். அந்தத் தத்துவத்தில் குறித்த காணியை விற்கும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா? வாடகைக்கு விடவும் பராமரிக்கவும் மட்டும் கொடுத்த தத்துவத்தால் விற்க முடியாது. கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? அவர் இறந்தால் தத்துவமும் முடிந்தது. வீடியோ அழைப்பில் அவரைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிடுவதில் ஒரு குறைவும் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின் பின் வெளிநாட்டுப் பிரசைக்கு இலங்கையில் காணி எழுதுவது பொதுவாகத் தடை. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவருக்கும், உரித்தாக வரும் சொத்துக்கும் விலக்கு உண்டு. தொடர்மாடி வீடுகளை முழுப்பணத்தையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து செலுத்தினால் வாங்கலாம். இரட்டைப் பிரசாவுரிமை எடுக்காத அண்ணன்மார் பலர் ஒரு குறுக்கு வழி கண்டார்கள்: "தங்கச்சி, காணியை உன்ரை பேரிலை எழுதுவம்." தங்கை மறுக்கமாட்டாள். பிறகு அவளுக்குத் திருமணமாகிறது, கணவர் வீட்டார் அது அவளுடைய சீதனம் என்று நினைக்கிறார்கள். அண்ணனோ தன் காசு என்கிறார். இருவருக்கும் நடுவில் நிற்பவள் அவள். யாருடைய காசு, எதற்காக உங்கள் பெயர் என்பதைச் சட்டத்தரணியிடம் விளங்கிக்கொள்ளாமல் இப்படி ஒரு உறுதியில் பெயர் கொடுக்க வேண்டாம் என்பது என் தாழ்மையான ஆலோசனை.

காசு கைமாறும் நாள்

1840 ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். வெற்றுத் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கொடுத்த 'விற்பனைக் கடிதம்' உறுதி ஆகாது. நொத்தாரிசு உறுதியை உங்களுக்கு வாசித்து விளங்கப்படுத்த வேண்டும் என்பதும் விதி. அவசரத்தில் "இதிலை வையுங்கோ, இதிலை வையுங்கோ" என்று பக்கம் புரட்டினால், "வாசியுங்கோ ஐயா, கேட்டிட்டு வைக்கிறன்" என்று சொல்லுங்கள். நாங்கள் அலுவலகத்தில் கொஞ்சம் முகம் சுளித்திருப்போம். அதைப் பொருட்படுத்த வேண்டாம். நொத்தாரிசை வழக்கமாக வாங்குபவரே அமர்த்துவார். விற்கும் நீங்கள் உறுதியின் நகலை இரண்டு நாள் முன்னதாகப் பெற்று உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் வாசிக்கக் கொடுக்கலாம்.

பணத்தை உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு அல்லது உங்கள் பெயரில் எழுதிய வங்கிக் காசுக்கட்டளையாகத் தரச் சொல்லுங்கள். அதன் இலக்கத்தை உறுதியில் எழுதச் சொல்லுங்கள். "முன்னரே பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய உறுதியில் கையொப்பமிட்டுவிட்டு, அந்தக் காசு எங்கே போனது என்று தெரியாமல் நிற்கும் பெண்கள் கற்பனைக் கதை அல்ல.

உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் எங்கள் பக்கத்தில் ஊறிப்போனது. முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். ஒன்றரைக் கோடி ரூபா வீட்டுக்கு 5 இலட்சத்து 99 ஆயிரம் ரூபா வரும். வாங்குபவருக்கு அது கசக்கும், ஐம்பது இலட்சம் என்று எழுதக் கேட்பார். விற்பவர் ஏன் சம்மதிக்க வேண்டும்? நாளைக்கு வழக்கு வந்தால் நீங்கள் பெற்றதாகச் சட்டம் முதலில் பார்ப்பது உறுதியிலுள்ள தொகையைத்தான். வாங்குபவருக்கும் பாதுகாப்பில்லை. அதிகாரிகள் குறைமதிப்பு என்று கண்டால் மீதித் தீர்வையைக் கட்டச் சொல்லுவார்கள். பின்னொரு நாள் அவர் விற்கும்போது இலாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் கூடும்.

அந்த வரி மூலதன ஆதாய வரி. 2018 ஏப்ரலில் 10 வீதமாக வந்தது, 2025 ஏப்ரலிலிருந்து தனியாட்களுக்கு 15 வீதம். விற்பவர் கட்டவேண்டியது. தொடர்ந்து மூன்று வருடம் சொந்தமாக வைத்திருந்து, அதில் குறைந்தது இரண்டு வருடம் தானே குடியிருந்த வீட்டை விற்றால் விலக்கு உண்டு. ஆகவே குடியிருந்ததற்கு ஆதாரமாக மின்சாரப் பட்டியல், வாக்காளர் பதிவு, கிராம சேவையாளர் கடிதம் என்பவற்றை எறியாமல் வையுங்கள். 2017 செப்டெம்பர் 30 இற்கு முன் வந்த சொத்துக்கு அந்த நாளைய சந்தைப் பெறுமதியையே அடக்கவிலையாகக் கொள்ளலாம். பாட்டி வாங்கிய 300 ரூபாவைக் கழித்து மீதிக்கெல்லாம் வரி கட்டவேண்டுமோ என்று பயப்பட வேண்டாம்.

கடனில் வாங்குவோருக்கு

வட்டி மாறும் கடனா, நிலையான கடனா என்பதைக் கையொப்பமிடுமுன் கேளுங்கள். 50 இலட்சம் ரூபாவை 15 வருடத்துக்கு 12 வீத வட்டியில் எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 60 ஆயிரம். அதே கடன் 24 வீதத்துக்கு ஏறினால் ஒரு இலட்சத்து மூவாயிரம். 2022 இல் பலருக்கு இப்படித்தான் ஏறியது, தாலிக்கொடியை அடைவு வைத்துத் தவணை கட்டியவர்கள் உண்டு. வீட்டுக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகுமென்றால் அந்த வீடு உங்களுக்கு இன்னும் பெரிது.

கொழும்புப் பக்கம் தொடர்மாடி வாங்குவோருக்குக் கிணறும் வழியும் இல்லாத குறை வேறு விதத்தில் தீரும். அங்கே பார்க்கவேண்டியது, கட்டடத்துக்கு உள்ளூராட்சிச் சபையின் இணக்கச் சான்றிதழ் கிடைத்ததா, தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்படி அதன் வரைபடம் பதிவானதா என்பவைதான். பதிவாகாத கட்டடத்தில் முழுப்பணம் கொடுத்துக் குடிபுகுந்து, தனி உறுதி கைக்கு வராமல் வருடக்கணக்கில் இருக்கும் குடும்பங்கள் உண்டு. மின்தூக்கி, தண்ணீர்ப் பம்பி, காவலாளி எல்லாவற்றுக்கும் மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, முன்னைய சொந்தக்காரர் பாக்கி வைத்திருக்கிறாரா, வாகனம் நிறுத்தும் இடம் உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா என்பவற்றையும் கேளுங்கள்.

உறுதி எழுதியவுடன் வேலை முடிந்ததாக நினைக்கவேண்டாம். காணிப் பதிவகத்தில் பதிவாகவேண்டும். ஒரே காணியை இருவருக்கு எழுதியிருந்தால், மோசடியில்லாமல் முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை என்பது 1927 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் அடிப்படை. எழுதிய நாளுக்கு முதல்நாள்வரை பதிவேட்டைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள், குறைந்தது முப்பது வருடத்துக்கு. ஈடு, வழக்கு, வேறு விற்பனை எதுவும் அதில் தெரியும். பிறகு சோலைவரியையும் மின்சார மானியையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

1995 இடப்பெயர்வில் உறுதிப்பெட்டியைத் தொலைத்துவிட்டு, "உறுதி இல்லை, அதனால் விற்க இயலாது" என்று இன்றும் இருக்கும் அம்மாமாரைக் காண்கிறேன். நொத்தாரிசு ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார். உறுதி இலக்கம் நினைவில்லாவிட்டாலும் காணியின் பெயர், குறிச்சி, தாயின் பெயர், எழுதிய வருடம் ஏறத்தாழ எது என்பவற்றோடு போய்த் தேடுதல் விண்ணப்பம் கொடுங்கள். அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். சிறு கட்டணம்தான். அலுவலகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பதிவேடு புரட்ட நேரம் எடுக்கும்.